கரண்ட் வந்ததும் தானே எழுந்த சர்வர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் 3.10-க்கு எங்கள் தெருவில் கரண்ட் போனது. இடி மழை. நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் வேலையில் இருந்தேன். இரவு 9.55-க்குத்தான் கரண்ட் திரும்பி வந்தது. நான் வீட்டுக்கு வந்து பார்த்தபோது, குடும்பப் படங்களையும் பாட்டுகளையும் வைத்திருக்கும் எங்கள் வீட்டுச் சர்வரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதிவைத் திறந்து பார்த்தேன்: பேட்டரியில் ஓடி, 7.10-க்கு ஒழுங்காகத் தன்னை நிறுத்திக்கொண்டிருக்கிறது, 9.58-க்கு மறுபடி எழுந்திருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. மூன்று வருடமாக இதற்காகத்தான் உழைத்துக்கொண்டிருந்தேன். அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வர்த். 1960-களில் டர்பனின் மேகசின் பேரக்ஸ் குடியிருப்பிலிருந்து இங்கே மாற்றப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அங்கே எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் மாமா வீட்டில் மூன்று ஆல்பங்களில் இருந்தன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மாமா வீட்டுக் கீழறையில் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. இரண்டு ஆல்பங்கள் ஒட்டிக் கூழாகிவிட்டன. மூன்றாவதை நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்தேன். அதோடு அப்பா கோயிலில் பாடிய பஜனைப் பாட்டுகள் 41 கேசட்டுகளில் இருந்தன. அவற்றையும் கணினிக்கு ஏற்றினேன். அம்மாவுக்கு 78 வயது. தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு அப்பாவின் குரலைச் சமையலறை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதான் காபி போடுவார். சர்வர் படுத்துவிட்டால் அந்தக் காலையில் வீடு அமைதியாக இருக்கும். எனக்கு அது பெரிய விஷயம்.

முதலில் வைத்திருந்தது உள்ளங்கை அளவு ஒற்றைப் பலகைக் கணினி. மெமரி கார்டில் இயங்குதளம், யுஎஸ்பியில் தொங்கும் இரண்டு சிறிய ஹார்டு டிஸ்க்குகள். அந்தப் பலகை தன் யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் கொடுக்கும். இரண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கினால் ஒன்று காணாமல் போய்விடும். அது போதாதென்று 2023-இல், மின்சாரப் பற்றாக்குறையால் அட்டவணை போட்டு நிறுத்தும் மின்வெட்டு ஆறாம் கட்டத்தைத் தொட்டது, கட்டம் ஏற ஏற மின்வெட்டும் கூடும். ஒரே நாளில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். ஒவ்வொரு முறையும் திடீரென்று கரண்ட் அறுந்தால் மெமரி கார்டு எத்தனை நாள் தாங்கும்? பிப்ரவரியில் செத்துவிட்டது. பாட்டுகளும் படங்களும் டிஸ்க்கில் இருந்ததால் தப்பித்தன.

அடுத்து என்ன வாங்குவது என்று இரண்டு மாதம் யோசித்தேன். நண்பர் ஒருவர் பழைய டவர் கணினி ஒன்றை இலவசமாகவே தருகிறேன் என்றார். நான்கு டிஸ்க் வைக்க இடமிருந்தது. ஆசையாகத்தான் இருந்தது. ப்ளக்கில் செருகும் வாட் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 48 வாட். இங்கே ஒரு கணக்கு மனதில் இருந்தால் போதும்: ஒரு வாட் வருடம் முழுவதும் எரிந்தால் 8.76 யூனிட். அப்போது என் பில்லில் ஒரு யூனிட் ஏறக்குறைய மூன்று ராண்ட். ஆக, ஒரு வாட்டுக்கு வருடம் 26 ராண்ட். அந்த இலவச டவர் வருடத்துக்கு 1,200 ராண்டுக்கு மேல் தின்னும். பேட்டரியில் ஓட்டுவதென்றால் இன்னும் மோசம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்டெல் என்100 சில்லு வைத்த புதிய குட்டிக் கணினிகளையும் பார்த்தேன். மின்சாரம் மிகக் குறைவு. பலவற்றுக்கு 12 வோல்ட் அடாப்டர். இந்த 12 வோல்ட் எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ரேம் ஒரே துளை என்பதும், டிஸ்க்குக்கு இடம் குறைவு என்பதும் மட்டும் கண்ணில் பட்டு, அதை ஒதுக்கினேன்.

கடைசியில் அலுவலகங்கள் குத்தகை முடிந்து கழிக்கும் ஒரு லிட்டர் கணினிகளில் (பெட்டியின் கொள்ளளவே அவ்வளவுதான்) வந்து நின்றேன். இவற்றில் பல வகை உண்டு, டிஸ்க் வைக்கும் இடத்தில்தான் பெரிய வேறுபாடு. லெனோவோ எம்720க்யூ-வில் சிறிய அட்டை வடிவ டிஸ்க் செருகும் எம்.2 துளை ஒன்று, 2.5 அங்குல டிஸ்க்குக்கு ஓர் இடம். ஹெச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினியில் இரண்டு எம்.2 துளைகளும் 2.5 அங்குல இடமும் உண்டு. மூன்று டிஸ்க் உள்ளேயே அடங்கும் என்பதால் இரண்டாவதை எடுத்தேன். ஐ5-8500டி செயலி, ஆறு கோர், 8 ஜிபி ரேம். டிஸ்க் கிடையாது. 3,400 ராண்ட்.

வீட்டில் வந்து ஆன் செய்தால், கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போக முடியவில்லை. பழைய அலுவலகம் போட்ட பாஸ்வேர்டு அப்படியே இருந்தது. வட்ட பேட்டரியைக் கழற்றி அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன், போகவில்லை. சர்வருக்குப் பயாஸ் திறக்காவிட்டால் பயனில்லை, ஏனென்றால் கரண்ட் போய் வந்தால் தானே ஆன் ஆக வேண்டும் என்ற அமைப்பு அங்கேதான் இருக்கிறது. கடைக்கு எடுத்துப்போய் மாற்றி வாங்கினேன். இந்த முறை கவுன்ட்டரிலேயே திரையும் கீபோர்டும் செருகச் சொல்லி, பயாஸைத் திறந்து பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். பழைய இயந்திரம் வாங்குகிறவர்கள் இதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. இன்னொன்றையும் அங்கேயே பார்த்திருக்க வேண்டும். எம்.2 டிஸ்க்கைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூவும், 2.5 அங்குல டிஸ்க்கை மதர்போர்டோடு சேர்க்கும் கேபிளும் இல்லை. ஸ்க்ரூ பழைய மடிக்கணினியிலிருந்து கிடைத்தது. கேபிளுக்கு 240 ராண்டும் மூன்று வாரமும் ஆயின.

மூடியைத் திறந்ததும் செயலியின் மேலிருந்த வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தது. ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, அரிசி மணி அளவு புதுப் பசை வைத்தேன். முழுச் சுமையில் 91 டிகிரி வரை போனது 76-இல் நின்றது. ரேமை 32 ஜிபி ஆக்க நினைத்திருந்தேன். ஒரு வாரம் எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்தால் 5 ஜிபி கூடத் தாண்டவில்லை. இன்னொரு 8 ஜிபி மட்டும் 520 ராண்டுக்கு வாங்கிப் போட்டேன், அதுவே தாராளம். இயங்குதளம் டெபியன், படங்களுக்கு இம்மிச், பாட்டுகளுக்கு ஜெல்லிஃபின். மென்பொருள் பக்கம் இரண்டு மாலையில் முடிந்துவிட்டது, சொல்ல ஒன்றுமில்லை.

கரண்ட் விஷயத்தில்தான் நான் வழி தவறினேன்.

பாட்டுகளையும் படங்களையும் முதலில் ஒரு 3.5 அங்குல 4 டிபி ஹார்டு டிஸ்க்கில் வைத்து, அதை யுஎஸ்பி டாக் என்ற டிஸ்க் தாங்கியில் செருகியிருந்தேன். கணினியை 650 விஏ யுபிஎஸ்ஸில் செருகினேன். ரவுட்டர், ஃபைபர் பெட்டி, டிஸ்க் டாக் மூன்றும் 12 வோல்ட் என்பதால் மின்வெட்டுக் காலத்தில் எல்லாரும் வாங்கிய குட்டி டிசி யுபிஎஸ்ஸில் இணைத்தேன். பெட்டியின் மேல் 8,800 மில்லி ஆம்பியர் மணி என்று பெரிதாக எழுதியிருந்தது. அது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது. பெருக்கினால் 32.5 வாட் மணிதான். சுமை 22 வாட் என்றால், இடையில் போகும் இழப்பையும் கழித்து, ஒன்றேகால் மணி நேரம். வாங்கும் முன் இந்தப் பெருக்கலை நான் போடவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடி. ஓடிக்கொண்டிருக்கும்போது 6, 7 வாட் கேட்கும் டிஸ்க், நின்ற நிலையிலிருந்து எழும்போது 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கிறது. அந்தக் குட்டிப் பெட்டி மொத்தமே 2 ஆம்பியர். ஒரு விடிகாலை மின்வெட்டில் அம்மா பாட்டைப் போட்டதும், தூங்கிக்கொண்டிருந்த டிஸ்க் எழ முயன்றது. வோல்ட் சரிந்து ரவுட்டர் அணைந்தது. நான் ஓடி வந்து பார்த்தபோது இருட்டில் டாக்கிலிருந்து டக், டக், டக் என்று சத்தம். காந்தத் தலை மறுபடி மறுபடி தட்டுப்படும் அந்த ஓசையை ஒரு முறை கேட்டால் மறக்க முடியாது. உடனே ப்ளக்கைப் பிடுங்கினேன். டிஸ்க் பிழைத்தது. அதன் பிறகு அதை முழுநேர வேலையிலிருந்து எடுத்துவிட்டேன். கொஞ்ச நாள் யுபிஎஸ்ஸுக்கு மாற்றி வைத்து, கேபிள் வந்த பின், சுழலும் பாகமே இல்லாத 2 டிபி எஸ்எஸ்டி ஒன்றை உள்ளே போட்டேன். விலை 2,250 ராண்ட். எஸ்எஸ்டி எழுவதற்கு என்று தனியாக எதையும் கேட்பதில்லை.

பெரிய யுபிஎஸ்ஸும் நெடுநாள் நிற்கவில்லை. உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி ஈய பேட்டரி. ஒன்றுமே செருகாமல் அந்த யுபிஎஸ் மட்டும் 13 வாட் குடிப்பதை வாட் மீட்டர் காட்டியது. என் கணினி 11 வாட்! உள்ளிருக்கும் மின்மாற்றியும் பேட்டரியை நிரப்பும் சுற்றும் சும்மாவே வாங்கும் கூலி அது. கரண்ட் போனாலோ, டிசியை ஏசியாக்கி, அந்த ஏசியை அடாப்டர் மறுபடி டிசியாக்கும் சுற்றுவழியிலும் இழப்பு. புதிதில் ஒன்றரை மணி நேரம் தாங்கியது. ஈய பேட்டரி நிரம்ப ஏழெட்டு மணி நேரம் வேண்டும். ஆறாம் கட்டத்தில் அவ்வளவு இடைவெளி பல நாள் கிடைக்கவில்லை. ஏழு மாதத்தில் பேட்டரி இருபது நிமிடத்துக்கு வந்துவிட்டது. இன்னொரு பேட்டரி 380 ராண்டுக்கு மாற்றினேன், அதுவும் அதே வழியில் போனது.

அப்போதுதான் ஏசியையே நடுவிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். 12.8 வோல்ட் 20 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, அதாவது 256 வாட் மணி, 2,400 ராண்ட். வோல்ட் மாற்றக்கூடிய 10 ஆம்பியர் பவர் சப்ளை 420 ராண்ட். மல்ட்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு, பேட்டரியை இணைக்கும் முன்பே சப்ளையின் சின்ன ஸ்க்ரூவைத் திருப்பி 13.8 வோல்ட்டில் நிறுத்தினேன். நான்கு செல்லுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 3.45 வருகிறது. எப்போதும் இணைப்பிலேயே இருக்கும் பேட்டரிக்கு 14.6 வரை ஏற்ற வேண்டிய தேவையில்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இந்த 13.8-ஐ நேரடியாகக் கொடுக்காமல், 12 வோல்ட்டில் நிலைநிறுத்தும் ரெகுலேட்டர் ஒன்று நடுவில்.

கணினிக்கு 19.5 வோல்ட் வேண்டும். 130 ராண்டுக்கு, வோல்ட்டை ஏற்றித் தரும் பூஸ்ட் பலகை ஒன்றை வாங்கி, பழைய அடாப்டரின் வயரை வெட்டி, அதில் பற்றவைத்தேன். கணினி ஆன் ஆனது, ஆனால் நத்தை போல ஊர்ந்தது. செயலியின் வேகத்தைப் பார்த்தால் 800 மெகாஹெர்ட்ஸைத் தாண்டவே இல்லை. பசையைச் சந்தேகித்தேன், ரேமைச் சந்தேகித்தேன், இயங்குதளத்தை ஒரு முறை மறுபடி போட்டும் பார்த்தேன். கடைசியில் முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் விளங்கியது. 4.5 மில்லிமீட்டர் நீல முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கிறது. அதன் வழியாகத்தான் கணினி தன் அடாப்டர் எத்தனை வாட் என்பதைத் தெரிந்துகொள்கிறது. நான் இரண்டு வயரை மட்டும் இணைத்து, மூன்றாவதை வெட்டி விட்டிருந்தேன். அடையாளம் தெரியாத அடாப்டரிடம் அதிகம் கேட்க வேண்டாம் என்று அது தன்னை அடக்கிக்கொண்டது. அதே முனை வைத்த, காரில் மடிக்கணினிக்குப் போடும் 90 வாட் சார்ஜரை 310 ராண்டுக்கு வாங்கினேன். 12 வோல்ட்டை எடுத்து 19.5 ஆக்கும், ஊசியிலும் பதில் சொல்லும். செருகியதும் முழு வேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பவர் சப்ளையைப் பிடுங்கிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து அளந்தேன். பேட்டரியிலிருந்து 2.3 ஆம்பியர். கணினி, ரவுட்டர், ஃபைபர் பெட்டி எல்லாம் சேர்த்து 30 வாட்டுக்குள். ஏழு மணி நேரம் பத்து நிமிடம் ஓடியது. 2024 மார்ச் 26-க்குப் பிறகு நாட்டில் அட்டவணை மின்வெட்டு பத்து மாதங்கள் வரவே இல்லை. ஆனாலும் எங்கள் பகுதியில் கேபிள் திருட்டு, மழை, துணை மின்நிலையக் கோளாறு என்று ஆறு மணி, பத்து மணி நேரம் போவது நிற்கவில்லை. ஆகவே பேட்டரி தீர்வதற்கு முன் சர்வர் தானே நின்றுவிட வேண்டும்.

இந்த டிசி அமைப்புக்குக் கணினியோடு பேசத் தெரியாது. கரண்ட் போனதைச் சர்வர் எப்படி அறியும்? அலமாரியில் கிடந்த அந்தப் பழைய ஒற்றைப் பலகைக் கணினியை எடுத்து, பேட்டரி இல்லாமல் சுவர் ப்ளக்கில் நேரடியாகச் செருகினேன். மெமரி கார்டில் எதுவும் எழுத முடியாதபடி அமைத்துவிட்டேன், இனி எத்தனை முறை கரண்ட் அறுந்தாலும் கவலை இல்லை. சர்வர் நிமிடத்துக்கு ஒரு முறை அதைக் கூப்பிடும். நான்கு மணி நேரம் பதிலே இல்லையென்றால் ஒழுங்காகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். மீதிப் பேட்டரி ரவுட்டருக்கு இன்னும் ஐந்து மணி நேரம் போதும்.

இரண்டாவது வாரமே சர்வர் காரணமில்லாமல் நின்றது. கரண்ட் போகவே இல்லை. அக்கா டர்பனுக்கு வடக்கே உள்ள ஃபீனிக்ஸிலிருந்து போன் செய்தார்.

"தம்பி, அப்பா படமெல்லாம் திறக்கவில்லையே, என்ன ஆயிற்று?"

அம்மாவிடம் கேட்டால், இட்லிக்கு மாவு அரைக்க ப்ளக் இடம் தேவைப்பட்டது, அந்தச் சின்னப் பெட்டியைக் கழற்றி வைத்தேன் என்றார். நம் ஊர் ப்ளக்கின் மூன்று தடித்த உருண்டைக் கால்களுக்கு ஒரு பலகையில் எத்தனை இடம்தான் கிடைக்கும்! தவறு அம்மாவுடையது அல்ல, ஒரே சாட்சியை நம்பிய அமைப்புடையது. ஃப்ரிட்ஜ் போட்டிருக்கும் வைஃபை ப்ளக்கையும் இரண்டாவது சாட்சியாகச் சேர்த்தேன். இரண்டும் பதில் சொல்லாவிட்டால்தான் கரண்ட் இல்லை என்று பொருள்.

கடைசி முடிச்சு, எழுப்புவது. பயாஸில் மின்சாரம் போய் வந்தால் ஆன் ஆகு என்று அமைத்திருந்தேன். ஆனால் சர்வர் நின்ற பிறகும் பேட்டரியிலிருந்து அதற்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதன் பார்வையில் மின்சாரம் போகவே இல்லை, பிறகு ஏன் எழும்? நெட்வொர்க் வழியாக எழுப்புவதுதான் வழி. அதற்கும் அந்தப் பழைய பலகையே பொருந்தியது: தெருவில் கரண்ட் வந்த நொடியில் அது பூட் ஆகிறது, ஒரு நிமிடம் பொறுத்து, சர்வரின் நெட்வொர்க் கார்டு முகவரிக்கு எழுப்பும் செய்தியை மூன்று முறை அனுப்புகிறது. தூங்கும் சர்வரோ அசையவில்லை. மூன்று இரவுகள் செய்தியைத் திருத்தினேன், கேபிளை மாற்றினேன், நெட்வொர்க் கார்டின் அமைப்பை டெபியனில் நிரந்தரமாக்கினேன். பயாஸில் வரிசையாக ஒவ்வொன்றையும் படித்தபோது எஸ்5 மேக்ஸிமம் பவர் சேவிங்ஸ் என்று ஒரு வரி. அது ஆனில் இருந்தால், நிறுத்தப்பட்ட கணினியின் நெட்வொர்க் துளைக்கே மின்சாரம் போகாது, செய்தி கேட்க ஆளே இருக்காது. அதை அணைத்தேன். பின்பக்கம் நெட்வொர்க் துளையில் சின்ன ஆரஞ்சு விளக்கு மினுக்கத் தொடங்கியது. மறு நிமிடம் எழுந்தது.

செலவு: கணினி, கேபிள், ரேம், 500 ஜிபி எம்.2, 2 டிபி எஸ்எஸ்டி, பேட்டரி, சப்ளை, சார்ஜர், ரெகுலேட்டர், ஃபியூஸ், வயர், பசை எல்லாம் சேர்த்து 10,790 ராண்ட். தவறான வழியில் போனது 2,490. அதில் குட்டி டிசி யுபிஎஸ் இப்போது அக்கா வீட்டு ரவுட்டருக்கு உழைக்கிறது. 4 டிபி ஹார்டு டிஸ்க் மாதத்தின் முதல் ஞாயிறு வந்து, முழு நகலை வாங்கிக்கொண்டு, அக்கா வீட்டு அலமாரிக்குத் திரும்பிப் போகிறது. சாட்ஸ்வர்த்தில் வெள்ளம் வந்தாலும் ஃபீனிக்ஸில் ஒரு பிரதி இருக்கும்.

இன்று மறுபடி தொடங்கினால், முதலில் 12 வோல்ட்டில் ஓடும் கணினியைத்தான் தேடுவேன். பத்து வருடப் படங்களைத் தேடிப் பார்க்க ஆறு கோர் தேவைப்படவில்லை, சார்ஜரும் ஊசியும் மிச்சமாகியிருக்கும். பேட்டரிக்கு மட்டும் இன்னும் பெரியதாகச் செலவழிப்பேன்.

இடத்தையும் மாற்றியிருக்கிறேன். முதலில் சர்வர் கூடத்தில் சாமி மாடத்துக்கு நேர் கீழே இருந்தது. புரட்டாசி முழுவதும் வீட்டில் விளக்கும் கற்பூரமும். மாதம் முடிந்து மூடியைத் திறந்தால், விசிறி இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி படிந்து, அதன்மேல் விபூதி வெள்ளைக் கோடு போல ஒட்டியிருந்தது. பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு இறக்கையாகத் துடைக்க ஒரு மணி நேரம் ஆனது. இப்போது சர்வர் தாழ்வாரத்து அலமாரியில், தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருக்கிறது. இரண்டாவது எம்.2 துளை இன்னும் காலி. மாமாவின் மூன்றாவது ஆல்பத்தை இன்னும் துல்லியமாக ஒரு முறை ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் கோப்புகள் வந்த பிறகு அதில் ஒரு 2 டிபி போடுவேன்.